சிலந்திகளை விரட்டாத ஆலை

பீரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. சென்னை வெயிலில் அதன் பாதி ருசி குளிர்ச்சி, மீதிப் பாதி கூட உட்கார்ந்திருக்கும் நண்பர்கள். குளிர் இறங்கிவிட்டால் வாயில் வைக்க முடியாது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் வேலை பார்க்கும் நண்பன் ஒருநாள் நிலவறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தான். பிரம்புக் கூடையில் சாய்த்துக் கிடத்தி, வண்டல் கலங்காமல் மெல்ல ஊற்றினான். குளிர் அதிகமில்லை. கசப்பும் இல்லை. தாடையை இறுக்கும் புளிப்பு, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், எல்லாவற்றுக்கும் பின்னால் ஈரக் கொட்டிலின் வாடை. கெட்டுப்போய்விட்டதா என்று கேட்க நினைத்து, கேட்பதற்கு முன் இன்னொரு வாய் குடித்தேன். அதற்குப் பிறகு கேட்கத் தோன்றவில்லை.

அதன் பெயர் கூஸ். புரூசெல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே பயோட்டன்லாண்ட் கிராமங்களிலும் காய்ச்சப்படும் லாம்பிக் என்ற பீரைக் கலந்து செய்வது. ‘இதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, காற்றே பார்த்துக்கொள்கிறது’ என்றான் நண்பன். சொல்லக் கேட்கும்போது சுகமாக இருந்தது. ஆலையை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது. காற்று பீப்பாய் கழுவுவதில்லை.

காந்தியோன் ஆலை, புரூசெல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு மாதிரிதான் தெரியும். 1900இல் பால் காந்தியோன் தொடங்கியது. முதலில் மற்ற ஆலைகளின் லாம்பிக்கை வாங்கிக் கலந்து விற்றுவந்தார்கள். சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது 1930களின் இறுதியில்தான். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு லாம்பிக் காய்ச்சிய இந்த நகரத்தில், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பழைய முறையில் காய்ச்சும் ஆலை இது ஒன்றே மிஞ்சியது. சர்க்கரையும் பழச்சாறும் கலந்த இனிப்பு பீர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த 1978இல், குடும்பத்தின் மருமகன் ழான்-பியேர் வான் ரோய் ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்துவைத்தார். ஆலை ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க வருபவர்கள் ஊடே நடந்து பார்க்கலாம். இப்போது காய்ச்சுவது அவர் மகன் ழான் வான் ரோய். ஆண்டுக்கு இரண்டு முறை, நவம்பரிலும் மார்ச்சிலும், காய்ச்சும் நாளன்று பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். நாங்கள் போனது நவம்பரில், விடியாத இருட்டில்.

உள்ளே நுழைந்ததும் நீராவி. ஒரு தடவை காய்ச்ச 1,300 கிலோ தானியம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டி உலர்த்திய பார்லி, மீதி முளைகட்டாத பச்சைக் கோதுமை. நசுக்கிய தானியத்தை வெந்நீரோடு பெரிய தொட்டியில் கலந்து, 45 டிகிரியில் தொடங்கிப் படிப்படியாக 72 வரை சூடேற்றுகிறார்கள். துடுப்புகள் சுழலும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தொட்டி விளிம்பில் ஒருவர் கையை ஊன்றி நின்றபடி கலவையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மாவுச்சத்தையும் சர்க்கரையாக்கிவிடுவது அவர் நோக்கமில்லை. சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய மூலக்கூறுகள் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். ஒரு வருடம் கழித்து, இரண்டு வருடம் கழித்து, மெதுவாகச் சாப்பிடப்போகும் வேறு நுண்ணுயிர்களுக்கு அதுதான் இரை. காலை ஏழு மணிக்கு அவர் செய்யும் வேலைக்கு மூன்றாவது வருடத்தில்தான் மதிப்பெண் கிடைக்கும்.

சாற்றை வடித்த பிறகு தொட்டிக்குள் சக்கை மலையாகக் குவிந்திருக்கும். இதை வாரி வெளியேற்றியாக வேண்டும். சூடு ஆறாத ஈரச் சக்கையின் கனம், வாருபவரின் தோளைப் பார்த்தாலே தெரிகிறது. அது மாட்டுத் தீவனமாக விவசாயிகளுக்குப் போய்விடுகிறது.

வடித்த சாறு செம்புக் கொப்பரையில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கிறது. இதில் போடுவது புதிய ஹாப்ஸ் பூ அல்ல, இரண்டு மூன்று வருடம் கிடங்கில் கிடந்து பச்சை நிறம் போய்ப் பழுப்பான பழைய ஹாப்ஸ். கையில் எடுத்து முகர்ந்தேன், பழைய பாலாடைக்கட்டியின் நெடி. இன்றைய கிராஃப்ட் பீர் உலகம் புத்தம் புது ஹாப்ஸின் மணத்துக்காகத் தவம் கிடக்கிறது, இங்கே மணத்தையும் கசப்பையும் வேண்டுமென்றே போகவிடுகிறார்கள். புளிப்பும் கசப்பும் சேர்ந்தால் வாய்க்கு ஒவ்வாது. ஆனால் வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் குணம் பழைய ஹாப்ஸிலும் போதிய அளவு இருக்கிறது, அதனால் அளவை மட்டும் தாராளமாகப் போடுகிறார்கள்.

கொதி முடியக் காத்திருந்த நேரத்தில் பீப்பாய் கழுவும் இடத்துக்குப் போனோம். அந்த ஆலையில் என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஓக் மரப் பீப்பாய்கள், முன்பு வைன் வைத்திருந்தவை. ஒவ்வொன்றிலும் சில வருடம் லாம்பிக் கிடந்து, சுவரில் பழுப்பு வண்டல் ஏறியிருக்கும். வெந்நீரோடு இரும்புச் சங்கிலிகளையும் உள்ளே போட்டு, இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றுகிறார்கள். சங்கிலி உருண்டு உருண்டு வண்டலைச் சுரண்டி எடுக்கிறது. பிறகு நீராவி. பிறகு விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்கிறார்கள். கடைசியில் மூக்கு. ரப்பர் பூட்ஸ் போட்ட இளைஞர் ஒருவர் பீப்பாயின் வாய்த்துளையில் முகத்தை வைத்து முகர்ந்து, தலையசைத்து ஒதுக்கினார். அடுத்ததை முகர்ந்தார், திரும்பவும் இயந்திரத்தில் ஏற்றினார். அந்த இரண்டாவது பீப்பாயை நானும் முகர்ந்து பார்த்தேன். ஈர மரம், அவ்வளவுதான். அவர் லேசாக வினிகர் நெடி அடிக்கிறது என்றார். மறுபடி முகர்ந்தபோது எனக்கும் அடிப்பது போலத்தான் இருந்தது. அவர் சொன்னதால் அடித்ததா, உண்மையிலேயே அடித்ததா தெரியவில்லை.

மரத்தை முழுக்கச் சுத்தமாக்கிவிட முடியாது, ஆக்கிவிடவும் கூடாது. துளைகளுக்குள் போன தலைமுறை நுண்ணுயிர்கள் தங்கியிருக்கின்றன. லாம்பிக்குக்கு அந்த ஈரக் கொட்டில் வாடையைத் தரும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் அவற்றில் முக்கியமானது. அது இருக்க வேண்டும், வினிகராக்கும் பாக்டீரியா பெருகிவிடக் கூடாது. இதைப் பிரித்துச் செய்ய நீராவி, சங்கிலி, மூக்கு தவிர வேறு கருவி இல்லை. ஒரு நாளில் காய்ச்சுவது ஒரு தடவை, கழுவுவது நாளெல்லாம். தொட்டியை, குழாயை, தரையை, பீப்பாயை, பாட்டிலை. கிராஃப்ட் பீர் என்றதும் பத்திரிகைகள் தாடி வைத்தவர் கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் படத்தைப் போடுகின்றன. பூட்ஸ் போட்டவரின் படத்தைப் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

பக்கத்து அறைகளில் பீப்பாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. புதிதாக நிரப்பியதில் சில நாளில் நொதித்தல் தொடங்கி, வாய்த்துளை வழியே நுரை பொங்கி வழியும். அந்த வேகம் அடங்கும் வரை துளையை இறுக மூடுவதில்லை, மூடினால் பீப்பாய் வெடிக்கும். பிறகு அமைதிக் காலம். மரத்தின் வழியே ஆவியாகி மூன்று வருடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

ஒரே நாளில் காய்ச்சி, ஒரே மாதிரி பீப்பாய்களில் ஊற்றியதுகூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று மென்மையாக வரும், பக்கத்திலேயே இருப்பது முரட்டுப் புளிப்பாகப் போயிருக்கும். அதனால்தான் கலக்க வேண்டியிருக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைப் பத்துப் பீப்பாய் வாக்கில் சுவைத்து, ஐந்தாறைத் தேர்ந்தெடுத்துக் கலந்தால் கூஸ். இளையதில் சர்க்கரை மிச்சமிருக்கும். அது பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையை உண்டாக்கும். முதியது மணத்தையும் ஆழத்தையும் தரும். எழுதிவைத்த விகிதம் கிடையாது. புளிச்செர்ரி போட்டு ஊறவைப்பது கிரிக். லிட்டருக்கு 200 கிராம் பழம், கொட்டையோடு.

சுவைக்கும் மேசையில் முதலில் கலக்காத லாம்பிக்கை ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். நுரையே இல்லை, தட்டையாக இருந்தது. அதில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது, எலும்பு மட்டும் இருந்த மாதிரி. அடுத்துக் கூஸ். புளிப்பு அதேதான், ஆனால் அதைச் சுற்றி இப்போது வேறு என்னென்னவோ இருந்தன: திராட்சைத் தோல், உலர்ந்த புல், கொஞ்சம் உப்பு போல ஏதோ ஒன்று. லூவனில் குடித்தபோது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவே. இங்கே ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் யாரோ ஒருவர் ‘இந்தப் பீப்பாய் வேண்டும், அது வேண்டாம்’ என்று முடிவெடுத்திருக்கிறார் என்பது தெரிந்து குடித்தேன். பீரின் மேல் எனக்கு ஆசை வந்த இடம் இது என்றுதான் நினைக்கிறேன்.

பிற்பகலில் மேலே கூரைக்கடியில் கூப்பிட்டார்கள். ஆலையின் உச்சியில், ஓட்டுக்குக் கீழே, அகன்று ஆழமில்லாமல் விரிந்த செம்புத் தொட்டி. கொதித்து வற்றியது போக மிஞ்சும் 7,500 லிட்டர் சாறு இரவு முழுக்க இங்கே திறந்தபடி கிடந்து ஆறும். சுவரில் சரிவான பலகைத் திறப்புகள், அவற்றின் வழியே வெளிக்காற்று. காலையில் இருபது டிகிரி வாக்கில் வந்ததும் பீப்பாய்க்குப் போய்விடும். உத்தரங்களில் ஒட்டடை தொங்குகிறது. யாரும் தொடுவதில்லை. இனிப்புக்கும் பழத்துக்கும் வரும் பூச்சிகளுக்கு மருந்தடிக்க முடியாது, அடித்தால் வேண்டிய நுண்ணுயிரும் போய்விடும். ஆகவே சிலந்திகளுக்கு இந்த ஆலையில் நிரந்தர வேலை.

சாற்றை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து வருகிறதா, கூரை மரத்திலிருந்தா, பீப்பாயிலிருந்தா என்பதை ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள், மூன்றுக்கும் பங்கு உண்டு. எனக்கு நம்மூர்ப் பாளையில் கட்டிய கலயம் நினைவுக்கு வந்தது. அதிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நொதிப்பது கலயத்தின் வேலை, நொதிக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது ஏறுபவரின் வேலை. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 முதல் குற்றம், ஆலையில் காய்ச்சிய பீரையோ அரசே கடை வைத்து விற்கிறது. நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் ஏற்கெனவே பலரிடம் இதைச் சொல்லிச் சலித்தவன் போலச் சிரித்தான்.

தொட்டியருகே நின்ற ஊழியரிடம் இன்று இரவு எப்படி என்று கேட்டேன். அவர் செல்பேசியில் வானிலையைக் காட்டினார். ஐந்து டிகிரி. நல்லது என்றார். இரவு வெப்பம் மைனஸ் 3க்கும் 8க்கும் இடையில் இருந்தால்தான் சாறு சரியான வேகத்தில் ஆறும். மெதுவாக ஆறினால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டும் காய்ச்சுகிறார்கள். 2015 நவம்பரில் புரூசெல்ஸில் குளிரே வராமல் காய்ச்சுவதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் சுருங்கினாலும் ஆண்டுக்குத் தேவையான பீப்பாய்கள் சுருங்குவதில்லை. அதே சில ஆட்கள், சக்கை வாருவதையும் பீப்பாய் கழுவுவதையும் குறைந்த நாட்களுக்குள் அடுத்தடுத்துச் செய்து முடிக்க வேண்டும். குளிர்சாதனம் வைத்து ஆற்றிவிடலாமே என்று ஒரு ஜெர்மன்காரர் பின்னாலிருந்து கேட்டார். ஊழியர் கூரைத் திறப்புகளைக் காட்டி, இவ்வளவையும் அடைத்துவிட்டா என்று கேட்டார். அதற்குள் கீழே பம்பை ஓட்டிவிட்டார்கள். குழாய் அதிர்ந்தது. ஏணிப் பக்கம் நிற்க வேண்டாம், சாறு கொதிக்கக் கொதிக்க வருகிறது என்று எங்களை நகரச் சொன்னார்.