டோபாருக்கு வயரிங் வேண்டுமா?

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

 டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் டோபாருக்கு நான் வயரிங் போடுவது பற்றி, கரமனையிலிருந்து போனில் கேட்டீர்கள்: "வண்டியிலேதான் டோபார் இருக்கே, வயரிங்குக்குத் தனியாக இத்தனை பவுண்டா? இங்கே டெயில் லைட் வயரைச் சுரண்டி முறுக்கிவிட்டால் அரைமணி வேலை."

ஸ்விட்சிலிருந்து பல்புக்கு நேராக வயர் போன பழைய வண்டிகளுக்கு அது சரி. இப்போதைய கார்களில் விளக்கை ஏற்றுவதே கம்ப்யூட்டர்தான். பல்பு நன்றாக இருக்கிறதா என்று மெல்லிய மின்துடிப்பு அனுப்பி அது சோதிக்கும். அந்த வயரில் டிரெய்லர் பல்பையும் சேர்த்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். சில வண்டிகளில் கம்ப்யூட்டரே கெட்டுப்போகலாம். சுரண்டிய இடத்தில் ஈரம் இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும்.

அடுத்த வழி பைபாஸ் ரிலே. பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாக மின்சாரம் எடுத்து, வண்டியின் வயரிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொள்ளும். செலவு குறைவு, விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் பின்னால் ஒன்று பூட்டியிருப்பது காருக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுத்தால் சென்சார் ஓயாமல் அலறும். டிரெய்லர் பாம்புபோல் ஆடத் தொடங்கினால், சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து, எஞ்சின் வேகத்தைக் குறைத்து அடக்கும் வசதி பல கார்களில் இருக்கிறது. டிரெய்லர் இருப்பதே தெரியாத காரில் அது பெரும்பாலும் விழித்துக்கொள்ளாது. அந்தந்த மாடலுக்கென்றே செய்த கிட் மாட்டி, தேவைப்படும் வண்டிகளில் கம்ப்யூட்டரில் கோடிங்கும் செய்தால்தான் இதெல்லாம் நடக்கும். பணம் அதற்குத்தான் போகிறது.

சைக்கிள் ஸ்டாண்டு மாட்ட மட்டுமே டோபார் என்றாலும் வயரிங் தேவை. பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் சைக்கிள் மறைத்தால், விளக்குப் பலகையும் இன்னொரு பிளேட்டும் வைத்தாக வேண்டும். நம்பர் பிளேட் மறைந்தால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். டிரெய்லரின் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்று ஓட்டுபவருக்குக் காட்டும் விளக்கோ ஒலியோ இருப்பதும் இங்கே சட்டம். 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வு இல்லாமலேயே, சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். பழக்கமில்லாத கைகள் சாலைக்கு வந்திருக்கும்போது வண்டியின் காவல் கூடுதலாகவே வேண்டும்.

ஏழு பின் சாக்கெட்டில் ரிவர்ஸ் லைட்டுக்கு இடமில்லை. பதின்மூன்று பின்னில் அதுவும் உண்டு, கேரவனுக்கு வேண்டிய மின்சாரமும் உண்டு. பழைய டிரெய்லருக்கு அடாப்டர் போதும். ஆகவே பதின்மூன்று பின், மாடலுக்குரிய கிட் என்று முடிவு செய்துவிட்டேன்.

2021இல் 'கேரவன் கேரளா' சுற்றுலாத் திட்டம் வந்த பிறகு, நம் பையன்களுக்கும் டிரெய்லர் ஆசை வந்திருக்கிறது என்றீர்கள். இழுவை எடை எவ்வளவு என்று முதலில் வண்டிக் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இடவப்பாதி மழையில் களியக்காவிளை ரோட்டில் பின்னால் வருகிறவன் கண்ணுக்குக் காரின் விளக்கு தெரியாது, டிரெய்லரின் விளக்கு ஒன்றே தெரியும். ஒர்க்‌ஷாப்பில் வயரைச் சுரண்டி முறுக்கலாம் என்று யாராவது சொன்னால், வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி