ஒட்டும் எண்ணெய், நெகிழும் காற்று

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயில் என்றதும் நாள்தோறும் நிகழும் எண்ணெய்க்காப்பும், அவ்வெண்ணெய் சேரும் கிணறும் நினைவுக்கு வரும். எண்ணெய் சொரியும் பாத்திரத்தை நாம் உற்றுநோக்கினால் ஒன்று புலப்படும்: நடுவில் விரைந்தோடும் எண்ணெய் விளிம்பில் தயங்கி ஒட்டிக்கொள்கிறது. காற்றுக்கும் இவ்வியல்பு உண்டு. சுவரைத் தொடும் காற்று நின்றுவிட, அதையடுத்த மெல்லிய அடுக்கில் வேகம் படிப்படியாகக் கூடுகிறது. 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் விளக்கிய இவ்வடுக்கே எல்லைப் படலம்.

அடர்த்தி குறைந்த காற்றில் இப்படலம் தடித்துவிடும். உயர்வான வெளியின் நிலையைத் தரையில் உருவாக்கும் காற்றுச் சுரங்கங்களில், நாசில் எனும் விரிகுழலின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். கலத்தின் மாதிரியைச் சோதிக்க வேண்டிய சீரான நடுவோட்டம் சிறுத்துப்போகும். கிடைக்கும் அளவுகளும் பொய்த்துப்போகும்.

இதற்கு மருந்து குளிர். −196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு குழலின் சுவரைக் குளிர்விக்கலாம். எண்ணெய் குளிர்ந்தால் இறுகும். வாயுவோ குளிர்ந்தால் நெகிழும். அந்தக் குளிரில் நைட்ரஜன் வாயுவின் பாகுத்தன்மை அறைவெப்பத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது. அழுத்தம் மாறாதிருப்பின் அடர்த்தி நான்கு மடங்கை நெருங்குகிறது. இரண்டும் சேர்ந்து படலத்தை மெலியச் செய்கின்றன.

நமக்குத் தென்மேற்கே, மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், இதே படலம் வேறொரு சிக்கலாக எதிர்ப்பட்டது. 2024 நவம்பர் 29 அன்று அங்கே சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினைத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் இயக்கினார்கள். விண்ணுக்கென வடித்த அதன் நாசிலின் வாய்ப்பரப்பு, தொண்டைப்பரப்பைப்போல் 100 மடங்கு. வாயில் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். வெளிக்காற்றின் அழுத்தமோ அதைப்போல் இருபது மடங்கு. அவ்வழுத்தம் எதிர்த்துத் தள்ளும்போது, வேகம் குன்றிய படலம் சுவரை விட்டுப் பிரியும். அந்த அதிர்வில் நாசிலே சிதையக்கூடும். அதைத் தடுக்கும் காப்பு அமைப்புடன் அச்சோதனை வெற்றி கண்டது.

அங்கும் குளிர் உண்டு. ஆயினும் −253 பாகைத் திரவ ஹைட்ரஜன் எரிகலச் சுவருக்குள் ஓடுவது சுவர் உருகாமல் காக்கவே. படலத்தை மெலிவிக்க அன்று. இந்நுட்பமான வேறுபாட்டைத் தமிழிலேயே சொல்ல நம்மால் இயலும். குறிஞ்சியின் கருப்பொருளைக் கற்பிக்கும் நாம் எல்லைப் படலத்தையும் விரிகுழலையும் வகுப்பில் சொல்லிப் பழகினால், நம் பிள்ளைகளுக்கு மகேந்திரகிரி வெறும் செய்தித்தாள் பெயராக நின்றுவிடாது.