பூசாரி ஒப்படைத்த குழந்தை

கொல்லிமலை என்றதும் சங்க இலக்கிய வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. செம்மேட்டில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் அவனுடைய சிலையைக் காணாமல் போக முடியாது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அங்கே அவனுக்கு அரசு விழாவும் நடக்கிறது. ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் ஒப்படைத்தவன் திருமுடிக்காரி. கொன்றவனுக்கு இம்மலையில் விழா இல்லை. கொல்லப்பட்டவனை மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் நால்வர் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டுக்குப் போனது ஓரிக்காக அல்ல. வாழவந்தியில் இருக்கும் இரண்டு கல்லறைகளைப் பார்ப்பதற்காக. ஒன்று ஜெஸ்ஸி பிராண்டுடையது. மற்றொன்று அவருடைய மனைவி எவலினுடையது. கணவர் இறந்தது 1929இல். மனைவி இறந்தது 1974இல். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள். திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மன்னிப்பைப் பற்றி. அந்தப் பேச்சின் சாரத்தையே இங்கே எழுதுகிறோம்.

ஜெஸ்ஸியும் எவலினும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு மலையேறியவர்கள். அப்போது கொல்லிமலைக்குச் சாலை கிடையாது. மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே வரத் தயங்கிய காலம். தொழுநோயாளர்களின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்காட்டிப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வேலூர் மருத்துவர் பால் பிராண்ட், 1914இல் இவர்களுக்குப் பிறந்த மகன். ஜெஸ்ஸி முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச்சிலந்தியை உடலிலிருந்து பக்குவமாக வெளியே எடுத்தார், கிணற்று நீரைக் காக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார், இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்றுத்தந்தார். மலையாளி மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் ஒருவர்கூட மதம் மாறவில்லை. அதற்கு முக்கியக் காரணம் உள்ளூர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பு.

அவருடைய எதிர்ப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. தம் தெய்வத்தையும் பிழைப்பையும் ஊரின் ஒற்றுமையையும் குலைக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று அவர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. வந்தவரும் அந்த நோக்கத்தை மறைக்கவில்லை.

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். நோய்க்கு அஞ்சி அக்கம்பக்கத்தவர் ஒதுங்கினார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பிழைக்கவில்லை. இறப்பதற்கு முன் பூசாரி, கைக்குழந்தையாக இருந்த தம் மகளை அந்த வெள்ளைக்காரத் தம்பதியரிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயருடன் அவள் பாலுக்கும் அவர் தங்கைக்கும் சகோதரியாக வளர்ந்தாள். மலை மக்களின் மனம் திரும்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்று பிராண்ட் குடும்பத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கதை வழக்கமாக, வெறுத்தவனையும் நேசித்த மிஷனரியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். பூசாரியின் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. எங்களுக்கோ அவர் செய்ததுதான் பெரிதாகப் பட்டது. ஜெஸ்ஸி கொடுத்தது உழைப்பு. நோய் தொற்றியிருந்தால் உயிரும் போயிருக்கலாம். ஆனால் தாம் எதிர்த்து நின்றவரின் கையில் தம் மகளைக் கொடுத்தவர் பூசாரி. அவள் இனி எந்தத் தெய்வத்தைக் கும்பிடுவாள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மன்னிப்பு என்ற சொல்லுக்கு ஏதேனும் எடை உண்டென்றால் அந்தக் குடிசையில் அதைக் கொடுத்தவர் அவரே.

கொல்லிமலைக் கதையில் இரத்தம் இல்லை. இரத்தம் சிந்திய இடங்களிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 1956 ஜனவரி 8ஆம் தேதி, ஈக்வடார் நாட்டின் மழைக்காட்டில் குராராய் ஆற்று மணல்திட்டில், ஐந்து அமெரிக்க மிஷனரிகளை வாவோரானி பழங்குடியினர் ஈட்டியால் குத்திக் கொன்றனர். 1958இல், கொல்லப்பட்டவர்களில் ஒருவரான ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத், மூன்று வயது மகளுடன் அந்த மக்களிடையே போய்த் தங்கினார். கொல்லப்பட்ட நேட் செயின்ட்டின் அக்காள் ரேச்சலும் உடன் சென்றார். கொன்றவர்களில் ஒருவரான மின்காயே, பின்னாளில் நேட் செயின்ட்டின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா முறையாகிப்போனார். 2020இல்தான் இறந்தார்.

உலகம் அறிந்த இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் தாமாகக் காட்டுக்குள் நுழைந்துவிடவில்லை. தாயுமா என்ற வாவோரானிப் பெண்ணும் காட்டிலிருந்து வந்த வேறிரு பெண்களும் அழைத்துப் போனார்கள். ரப்பர் சேகரிக்க வந்த வெளியாட்களின் துப்பாக்கிக்கும் அடிமை வேட்டைக்கும் பல தலைமுறைகளாக ஆளாகியிருந்தவர்கள் வாவோரானிகள். வெளியிலிருந்து வருகிறவன் கொல்லத்தான் வருவான் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். அப்படிப்பட்டவர்கள் கதவைத் திறந்ததும் மன்னிப்புதான். மிஷனரிகளுக்குப் பின்னால் எண்ணெய் நிறுவனங்களும் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

நம் நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் கிரகாம் ஸ்டெயின்ஸின் பெயர் வராமல் போகாது. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளர்களுக்குப் பல்லாண்டுகள் பணிசெய்த ஆஸ்திரேலியர் அவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவையொட்டி, மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரையும், பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்ததாக அறிவித்தார். மகள் எஸ்தருடன் 2004 வரை பாரிபதாவிலேயே இருந்தார். அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. தாரா சிங்கின் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்ததையும், உச்ச நீதிமன்றம் 2011இல் அதை உறுதி செய்ததையும் நாம் அறிவோம். இழந்தவர் வெறுப்பைக் கைவிடுவது வேறு, அரசு தன் கடமையைக் கைவிடுவது வேறு. கிளாடிஸ் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. அவருடைய மன்னிப்பை வியந்து பாராட்டுகிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக அந்தமான். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், சட்டத்தை மீறி வட சென்டினல் தீவுக்குப் போய்க் கொல்லப்பட்டார். கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் குடும்பத்தார் தெரிவித்தனர். பெருந்தன்மையான சொல்தான். ஆனால் 1880 வாக்கில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அதே தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியரையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போனார். போர்ட் பிளேரில் நோயுற்றுப் பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் திரும்ப விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு உயிர்களுக்காகச் சென்டினல் மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்? இன்று அவர்களிடம் போய்க் கேட்கவும் முடியாது. நம்முடைய மூச்சுக்காற்றே அவர்களுக்கு நோயாகிவிடும். அங்கே போகாமல் இருப்பது ஒன்றே நம்மால் கேட்க முடிகிற மன்னிப்பு.

மிஷனரிகள் மன்னிக்கிறார்கள், பழங்குடிகள் மன்னிக்கப்படுகிறார்கள் என்ற பாட்டையிலேயே நம் கதைகள் ஓடுகின்றன. மன்னிக்கிறவன் எப்போதும் ஒரு படி மேலே நிற்பதாக நமக்குத் தோன்றுவதால் இது நேர்கிறது. கொல்லிமலைப் பூசாரியைப் போல, தாயுமாவைப் போல, பழங்குடிகளும் மன்னித்திருக்கிறார்கள். எழுத்து அவர்கள் கையில் இல்லாததால் அது பதிவாகவில்லை.

எவலின் பிராண்ட் இதை உணர்ந்திருப்பார் என்று நம்ப எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. ஓய்வு பெறும் வயது வந்ததென்று மிஷன் சொன்னபோது, அவர் அதிலிருந்து விலகிச் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு எழுபது வயதை ஒட்டியிருக்கும். மட்டக்குதிரையில் ஏறிக் கொல்லிமலையிலிருந்து அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். தொண்ணூற்றைந்து வயதில் இறந்தபோது கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கொடுக்க வந்தவராக மட்டும் தம்மை நினைத்திருந்தால், கொடுத்து முடித்ததும் அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு பூசாரியின் மகளைப் பெற்றுக்கொண்டவர் என்பதால் அவரால் அப்படிப் போக முடியவில்லை என்றே நாங்கள் எண்ணுகிறோம்.