அம்மா சொன்ன நெல்லிவாசல்

மத்ரஸாக்களுக்கு ஷஅபான் மாதப் பிற்பகுதியில் ஆண்டு விடுமுறை விடுவது வழக்கம். அவ்விடுமுறையின் மூன்றாம் நாள், ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, நானும் என் மனைவியும் பத்து வயது மகளும் திருப்பத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்குப் புறப்பட்டோம். வாடகைக் காரை ஓட்டி வந்த தம்பி, "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது ஹஜ்ரத்? ஏலகிரிக்குப் போனால் குழந்தைக்குப் படகுச் சவாரியாவது கிடைக்கும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. சுற்றுலா செல்வோர் பட்டியலில் நெல்லிவாசலுக்கு இடமில்லை. அது என் தாயார் பார்க்க ஆசைப்பட்ட ஊர்.

முந்திய ஆண்டு அவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "மாசி பிறந்தால் மலையில் புளி உலுக்குவார்கள். ஒருமுறை நெல்லிவாசலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" மத்ரஸாவில் ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "ஷஅபானில் லீவு விடட்டும் அம்மா, போகலாம்" என்றேன். "லீவு உனக்கா, எனக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுடைய மொழியிலேயே சொல்வதானால், ரஜபு மாதத்திலேயே அவர்களுக்கு லீவு கிடைத்துவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கத்து மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. சிற்றூர்கள் பல சேர்ந்தது ஒரு 'நாடு' என்பது மலைமக்களின் பழைய ஏற்பாடு. அப்பெயரே ஊராட்சிக்கும் நிலைத்துவிட்டது. அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்களுடைய பேச்சு தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

எங்கள் பகுதி முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வேலூர் மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பத்தூரே தனி மாவட்டமாகிவிட்டது. "ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று ஜில்லா மாறிவிட்டேன். ஒரு பாத்திரத்தைக்கூட வண்டியில் ஏற்றவில்லை" என்பார்கள் அம்மா.

நகரத்து முஸ்லிம் பெண்மணி ஒருவருக்கு மலையூரோடு என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். கடுக்காய்தான் உறவு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் நம்மவர்கள் நடத்திய தோல் பதனிடும் தொழிலில் அந்நாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே முதன்மையான சரக்குகள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்துபோகும். கடுக்காய்ச் சாற்றில் நனைத்தெடுத்தால் அச்சிவப்பு ஏறாமல் வெளிர்நிறம் நிலைக்கும். ஆதலால் ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கு நல்ல கிராக்கி இருந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் குரோமியத்துக்கும் தொழில் மாறியது. கடுக்காய் மூட்டைகளும் குறைந்தன. என் தாயாரின் தந்தை, அதாவது என் நானா, அதற்கு முந்திய காலத்தவர்கள். மலையடிவாரத்தில் கடுக்காயும் புளியும் வாங்கித் தோல் கிடங்குகளுக்கும் மண்டிகளுக்கும் அனுப்பி வந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் உருதும் தமிழும் கலந்து பேசும் வீடுகள் பல. ஆகவே நானா, தாதிமா என்ற சொற்களும் அத்தா, அம்மா என்ற சொற்களும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே புழங்கின.

அம்மாவுக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். வீசைக் கணக்கு ஒழிந்து கிலோ வந்த காலம். எடைகளையும் அளவுகளையும் மாற்றும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, படிப்படியாக 1962க்குள் நாடெங்கும் கிலோ கட்டாயமாயிற்று. ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1,400 கிராம். தலைமுறை தலைமுறையாக வீசையில் விற்றுப் பழகிய மலைமக்களுக்கு இந்தப் புதுக்கணக்கு பிடிபடச் சில காலம் ஆயிற்று. அந்த இடைவெளியில் யார் எவ்வளவு ஆதாயம் பார்த்தார்கள் என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

நானாவுக்காக எடை போடும் ஆள் ஒருவர் தம்முடைய தராசையே கொண்டுவருவாராம். மரக்கிளையில் சங்கிலியால் தொங்கவிட்ட பெரிய தராசு. ஒரு நாள் மலைப்பெண்கள் கடுக்காய் மூட்டைகளோடு வரிசையாக நிற்கையில், அம்மா ஓடிச் சென்று தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்து, "என்னையும் நிறுத்துப் பாருங்கள்!" என்றார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையின் ஆசைக்காக நிறுத்தும் பார்த்தார்கள். 22 கிலோ இருந்தது. அம்மா தட்டில் இருந்தபடியே உரக்கக் கேட்டார்கள்: "அத்தா! நேற்று அரிசி மண்டியில் 25 கிலோ இருந்தேனே! வண்டியில் வருவதற்குள் 3 கிலோ இளைத்துவிட்டேனா? அப்படியானால் எனக்கு இன்னொரு தோசை வாங்கித் தாருங்கள்!"

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்களாம். நானா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைய கொள்முதலை அத்துடன் நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து வேறு தராசும் படிக்கற்களும் வரவழைத்து, எல்லா மூட்டைகளையும் மறுபடி நிறுத்தார்கள். அந்த எடைக்காரர் பின்னர் வரவே இல்லை. முந்திய வாரங்களில் குறைத்து நிறுத்ததற்கு என்ன செய்வது என்ற கவலையில்தான் நானா மலையேறினார்கள். அம்மாவையும் கூடவே அழைத்துக்கொண்டார்கள். நெல்லிவாசலுக்கு அம்மா போனது அந்த ஒருமுறைதான்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசு நினைவுக்கு வரும். விரிவுரை நூல்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளின் மனத்தில் தங்குவது, தட்டில் உட்கார்ந்து தோசை கேட்ட சிறுமியின் கதைதான்.

அக்காலத்தில் நெல்லிவாசலுக்குச் சாலை ஏது? ஒற்றையடிப் பாதையில் நடந்து ஏறியிருக்கிறார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டுத் திண்ணையில் இரவு தங்கல். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் உணவு. நானா வீடு வீடாகப் போய்க் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்க, அம்மா மலைச் சிறுமிகளோடு புளியமரத்து ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்களாம். "அத்தா கடனைக் கொடுத்தார்கள்; நான் ஊஞ்சலை வாங்கிக்கொண்டேன்" என்பது இக்கதைக்கு அம்மா வைத்த முடிவு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த ஊஞ்சல் ஒரு முழம் உயர்ந்துகொண்டே போகும். கடைசியாகச் சொன்னபோது மேகத்தைத் தொட்டிருந்தது.

பேரப்பிள்ளைகளுக்கு அம்மா ஒரு தாதிமாவாக மட்டும் இருக்கவில்லை. விளையாட்டுத் தோழியாகவும் இருந்தார்கள். புளி குத்திய கொட்டைகளைச் சேர்த்துவைத்து, ஒற்றையா இரட்டையா ஆடுவார்கள். தோற்றால் மறு ஆட்டத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். பெருநாள் காசைக் கைக்குட்டையில் ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள்; அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கடுக்காய் இருக்கும். குழந்தை அழத் தொடங்கும் நொடியில் அதன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார்கள். காசு அங்கே முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒருமுறை காவலூர் வானாய்வகத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போனேன். அதுவும் ஜவ்வாது மலையில் இருப்பதுதான். வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கியது. 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே 1986ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. 1988இல் அங்கிருந்து கண்டறிந்த குறுங்கோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அந்த வெள்ளைக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய குழாயைப் பக்கத்து மலையில் வைத்துக்கொண்டா நம்மவர்கள் வருஷந்தோறும் பிறைக்குச் சண்டை போடுகிறார்கள்?" என்றார்கள். என் விளக்கம் அத்துடன் முடிந்தது.

அம்மாவின் சிரிப்புக்கு நான் எப்போதும் மகிழ்ந்தவன் அல்லன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். பெண்கள் பகுதியிலிருந்து அம்மாவின் சிரிப்பு பந்தல்வரை கேட்டது. என் மாணவர்களின் பெற்றோர் சிலர் அருகில் அமர்ந்திருந்தனர். நான் உள்ளே சென்று, "அம்மா, நான் மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவன். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அம்மா உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு எனக்குப் பால் கொண்டுவந்து வைத்தார்கள். கேலி ஒன்று வரும், அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சர்க்கரை போட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சில மாதங்களுக்குப் பின், ஷமாயில் திர்மிதீயில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகைச்சுவை பற்றிய பாடத்தை நடத்த நேர்ந்தது. சுவனம் வேண்டித் துஆச் செய்யக் கேட்டு வந்த மூதாட்டியிடம், கிழவிகள் எவரும் சுவனம் புகமாட்டார்கள் என்று நபியவர்கள் சொன்னதும், அவர் அழுதுகொண்டே திரும்பியதும், சுவனத்தில் அவர் கிழவியாக இருக்கமாட்டார், இளமையோடு நுழைவார் என்று சொல்லியனுப்பியதும் நம் வாசகர்கள் அறிந்த செய்திதான். அன்று வகுப்பில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. நாற்பது வயது ஆண்பிள்ளைக்கு அந்தச் சொல் எளிதில் வாயில் வருவதில்லை.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அங்கே நான் குமரியாக இருந்தால் உனக்கு எப்படி அடையாளம் தெரியும்?" என்றார்கள். பிறகு அவர்களே, "சிரிப்புச் சத்தம் கேட்கும் பக்கமாக வா. அங்கே பந்தலில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார்கள். அதன்பின் இருவரும் நெடுநேரம் சிரித்தோம். ஆயினும் அந்தத் திருமண வீட்டு முந்தானை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மலைச் சாலை வளைந்து வளைந்து ஏறியது. பழைய ஒற்றையடிப் பாதை எங்கே போயிற்றோ தெரியவில்லை. இப்போது புதூர்நாட்டைத் தாண்டியும் வண்டி போகிறது. ஒரு காலத்தில் இம்மலையின் சந்தனம் நாடெங்கும் பெயர்பெற்றிருந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கில் ஏலம் நடக்கும்; வடநாட்டிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். திருட்டுக் கோடரிக்குப் பலியானவை போக, வழியில் ஒரு முதிர்ந்த சந்தனமரம்கூட எங்கள் கண்ணுக்குப் படவில்லை. "ஜவ்வாது மலையில் ஜவ்வாது எங்கே?" என்று மகள் கேட்டாள். இதே கேள்விக்கு அம்மா, "எல்லாவற்றையும் நான் சிறுவயதிலேயே பூசித் தீர்த்துவிட்டேன்" என்று பதில் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை. காரோட்டி வந்த தம்பிதான், "கடையில் டப்பாவில் கிடைக்கும் பாப்பா" என்றார்.

நெல்லிவாசலில் சாமை அறுவடை முடிந்து நிலங்கள் வெறுமையாக இருந்தன. வீட்டு வாசல்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியின் ஓட்டைத் தட்டி, நாரை நீக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டியிடம், அறுபது ஆண்டுகளுக்கு முன் கடுக்காய் வாங்கிய பாயையும், அவருடன் வந்த சிறு பெண்ணையும் பற்றிக் கேட்டேன். எவ்வளவு நினைத்தும் அவருக்கு நினைவு வரவில்லை. "கடுக்காய் வாங்க எத்தனையோ பேர் வருவாங்க பாய். யாரைன்னு சொல்ல?" என்றார். எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் "மரத்திலே தராசைத் தொங்கவிடுவாங்க. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ஏமாத்திப்புட்டாங்க பாய், அந்த நாளிலே" என்று அவர் சொன்னபோது நான் தலைகுனிந்து நின்றேன். நானா எத்தனை வீட்டுக் கணக்கைத் தீர்த்தார்கள், எத்தனை விட்டுப்போயிற்று என்று இப்போது யாரிடம் கேட்பது?

எங்களுக்கு மோர் கொடுத்தார். தூக்கிவிட ஆளின்றிக் கிடந்த ஒரு மூட்டையை நானும் தம்பியும் பிடித்துத் திண்ணையில் வைத்தோம். அம்மா ஆடிய புளியமரம் எது என்று மகள் நச்சரித்தாள். எல்லாமே புளியமரங்கள்தான். உயரமான ஒன்றைக் கைகாட்டினேன். "இது மேகத்தைத் தொடவில்லையே!" என்றாள்.

லுஹர் நேரமாயிற்று. பாறை ஒன்றின் நிழலில் தொழுதோம். அம்மாவின் மஃபிரத்துக்காக நான் கையேந்தியிருக்கையில் மகள் மெல்ல எழுந்து போய்விட்டாள். தேடிச் சென்றபோது, புளி வாங்கும் கடையின் முன்னே பெண்கள் மூட்டைகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். தரையில் மின் தராசு. அதன் மேல் என் மகள் ஏறி நின்றுகொண்டிருந்தாள். சிவப்பு எழுத்தில் 31 என்று காட்டியது.

"அத்தா!" என்று மலை அதிரக் கூப்பிட்டாள். "வீட்டிலே 32 கிலோ இருந்தேனே! எங்கே போச்சு ஒரு கிலோ?"

கடைக்காரர் பதறிப்போய், "பாப்பா, வீட்டிலே செருப்போட ஏறியிருப்பே!" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மோர் கொடுத்த மூதாட்டி வாசலிலிருந்தே கைதட்டினார். மகள் தராசிலிருந்து இறங்காமல், எனக்குக் கோபமா என்று பார்ப்பவளைப்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோசை கேள்" என்றேன்.