அழுங்கு என்றார் அப்பா

பள்ளி விடுமுறைக்கு என் ஏழு வயது மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: டைனோசர். அம்மா போனதிலிருந்து வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத அப்பாவையும் கிளப்பிக்கொண்டு, லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போனோம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், செடிகொடி முளைத்த பாறைபோல நிற்கும் கட்டடம் அது. திறந்தது 2015ல்தான் என்றாலும், உள்ளே இருக்கும் சேகரிப்பு 19ஆம் நூற்றாண்டு ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொடங்கியது. 1970களில் அந்த விலங்கியல் சேகரிப்புக்கு நிலையான இடமில்லாமல் போனது. இடம் மாற்றி இடம் மாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று மொத்தம் ஒரு மில்லியனுக்கும் அதிகமான மாதிரிகள் உள்ளன. நாம் பார்ப்பது அதில் சிறு பகுதியே.

பிரின்ஸ், அப்பல்லோனியா, டுவிங்கி. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளின் அடியில் மகள் சிலையாகிவிட்டாள். அப்பாவுக்கு அதில் ஆர்வமில்லை. பாலூட்டிகள் பக்கம் மெதுவாக நடந்தவர், உடலெல்லாம் செதிலாயிருந்த ஒரு விலங்கின் முன் நின்றார்.

“அழுங்கு,” என்றார்.

“என்னப்பா?”

“இதான் அழுங்கு. தோட்டத்துல பாத்திருக்கேன். தொட்டா பந்து மாதிரி சுருண்டுக்கும்.”

அப்பா ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். நானோ தமிழ் வானொலியில் பத்தாண்டுகளாகப் பேசிப் பிழைப்பவள். சில மாதங்களுக்கு முன் இதே விலங்கைப் பற்றி நிகழ்ச்சியில் சொன்னபோது, ஐந்து நிமிடமும் ‘பாங்கோலின்’ என்றே சொல்லி முடித்தேன். தமிழில் ஒரு பெயர் இருக்குமே என்று தேடக்கூடத் தோன்றவில்லை.

அதன்பிறகு அப்பா நிற்கவில்லை. சருகுமான், மரநாய், உடும்பு, இருவாச்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். டைனோசரை விட்டுவிட்டு மகள் அவர் பின்னால் ஓடினாள். தமிழ் வகுப்பில் அவள் எழுதிப் பழகியது சிங்கம், புலி, யானை. இங்கே அவற்றைப் பார்க்க விலங்குத் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். நம் காட்டிலும் கால்வாயிலும் வாழ்பவற்றின் பெயர்தான் அவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்லித்தர எனக்கும் தெரியவில்லை.

கடைசியாகத் திமிங்கிலம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவை ஒட்டி இறந்து மிதந்த பெண் எண்ணெய்த் திமிங்கிலம். நீளம் 10.6 மீட்டர். சிங்கப்பூர்க் கடலில் இந்த வகை பதிவானது அதுவே முதல் முறை. முதுகில் கப்பல் மோதியதுபோன்ற காயம். வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குவளை, உணவுப் பொட்டலக் காகிதம். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் ‘ஜூபி லீ’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். “இந்தக் கடலோரத்துல முப்பது வருசம் கப்பல் பழுது பாத்தேன். இது இந்தப் பக்கம் வரும்னே எனக்குத் தெரியாதும்மா.”

“செத்த பிறகுதான் பேர் வெச்சாங்களா தாத்தா?” என்றாள் மகள். அவர் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். அதை மறைத்து என்ன பயன் என்று உடனே தோன்றியது.

நீங்களும் பிள்ளைகளோடு போய்வாருங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். முடிந்தால் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். பெயர்ப்பலகையில் இல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கும்.

அன்று மாலை எங்கள் புளோக்கின் பின்னாலுள்ள கால்வாயில் நான்கைந்து தலைகள் நீந்திப் போயின. “தாத்தா, ஓட்டருக்கு என்ன பேரு?”

“நீர்நாய்.”

“நாயா!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இப்போதெல்லாம் மாலை ஆறு மணியானால் இருவரும் கால்வாய்க்குக் கிளம்பிவிடுகிறார்கள், என்னைக் கூப்பிடாமலே.