ஓவர் எடுப்பவர்கள்

அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரின் முப்பது ஆண்டு உழைப்பை அவருடைய எஸ்.ஆர். என்கிற பணிப் பதிவேடு சில பக்கங்களில் அடக்கிவிடும். பணியில் சேர்ந்த நாள், தகுதிகாண் பருவம் முடிந்த நாள், ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, பிரசவ விடுப்பு, மாறுதல், மறுபடியும் மாறுதல், கடைசியில் ஓய்வு. ஆனால் ஓய்வு பெற்ற நான்கு சிஸ்டர்கள் கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொள்வதைக் கேட்டால், இந்தத் தேதிகளில் ஒன்றுகூட வாயில் வராது. "அன்னிக்கு லேபர் வார்டுல கரண்ட் போச்சே, டார்ச் புடிச்சது யாரு?" என்பார் ஒருவர். "நீதான்டி, கை நடுங்கிக்கிட்டே புடிச்ச" என்பார் இன்னொருவர். அது எந்த வருஷம் என்பதில் நால்வருக்கும் நாலு கணக்கு இருக்கும். கூட இருந்தது யார் என்பதில் மட்டும் தகராறே வராது.

இந்தத் தொழிலில் ஒருவர் கடந்து வரும் எல்லாக் கட்டங்களிலும் இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நர்சிங் பள்ளியில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும்; புகைப்படமும் இருக்கும். ஆனால் தொழில் உண்மையில் தொடங்குவது வேறொரு ராத்திரியில். நோயாளி இறந்துபோகிறார், டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போகிறார், உறவினர்கள் வராந்தாவில் அழுகிறார்கள். உடலைத் தயார் செய்ய வேண்டியது செவிலியர். கண்களை மூட வேண்டும். நாடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். ட்ரிப்ஸ் ஊசி, டியூப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டும். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, பெயர் எழுதிய அட்டையைப் பொருத்த வேண்டும். நகை இருந்தால் எண்ணிப் பார்த்து, உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது, இருபத்தோரு வயதுப் பெண் முதல் தடவை இதைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார். "நீ காலைக் கட்டும்மா, முகத்தை நான் பாத்துக்கறேன்" என்பார். பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் தன் ஜூனியரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி வேலையைப் பங்கு போடச் சொல்லி எழுதியிருக்காது.

டியூட்டி முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவரிடம் வார்டை ஒப்படைப்பதை 'ஓவர் கொடுப்பது' என்பார்கள். வாங்கிக்கொள்வது 'ஓவர் எடுப்பது'. வெளியாட்கள் பார்த்தால் இரண்டு பேர் நோட்டை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக நடப்பதுபோல்தான் தெரியும். செவிலியர்களின் சிநேகம் வளர்கிற இடம் இதுதான். மூன்றாம் பெட்டுக்கு 500 மில்லி பாட்டில் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கொடுப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டாலும், எடுப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தானும் ஒரு தடவை எண்ணுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போதை மருந்து அலமாரியின் சாவி கை மாறும்போது ஆம்பூல்களை இருவரும் சேர்ந்தே எண்ணுகிறார்கள். நம்பிக்கை இருக்கிறது, சரிபார்ப்பும் இருக்கிறது. ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. நோட்டில் எழுத முடியாத சேதிகளும் இங்கேதான் கை மாறும். ஒன்பதாம் பெட் பாட்டி சாப்பிட்டேன் என்று பொய் சொல்லும். பதினாலாம் பெட்காரருக்கு மகன் இன்னும் பார்க்க வரவில்லை, அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இப்படி ஒரே ஒரு நோயாளியை 41 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஓவர் கொடுத்துவந்த வார்டு ஒன்று மும்பையில் உண்டு. பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் நான்காம் வார்டு. அங்கே படுத்திருந்தவர் அந்த மருத்துவமனையிலேயே வேலை பார்த்த செவிலியர், அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திபூர்க்காரர். உடன் பணியாற்றிய டாக்டர் ஒருவருடன் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 1973 நவம்பர் 27 அன்று டியூட்டி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்துப் பாலியல் வன்கொடுமை செய்தான். மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். அப்போது அருணாவுக்கு வயது 25. குற்றவாளி மீது பாலியல் வன்கொடுமை வழக்கே பதியப்படவில்லை. கொள்ளைக்கும் கொலை முயற்சிக்கும் ஏழாண்டுத் தண்டனை அனுபவித்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அருணா எழுந்திருக்கவே இல்லை.

சம்பவம் நடந்ததும் மும்பைச் செவிலியர்கள் அருணாவுக்காகவும் தங்கள் பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோபத்தில் ஒரு நாள் கூடுவது எங்கேயும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நடந்தது அபூர்வம். 1980-களில் படுக்கையைக் காலி செய்வதற்காக அருணாவை வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது செவிலியர்கள் எதிர்த்து நின்றார்கள், மாநகராட்சி பின்வாங்கியது. புதிதாக வரும் நர்சிங் மாணவிகளை அருணாவின் அறைக்குக் கூட்டிப்போய், இவர் நம்மில் ஒருவர் என்று அறிமுகம் செய்து வைப்பது வழக்கமானது. சாப்பாட்டை மசித்து வாய் வழியாகவே ஊட்டினார்கள். அவர் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பராமரிப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பாலபாடம். அப்படியானால் நாளுக்கு 12 தடவை. ஒருவரால் ஆகிற வேலை இல்லை. கட்டிலின் இரு பக்கமும் இருவர் நின்று, இடுப்புக்கடியில் விரித்த துணியைச் சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். திருப்பியதும் குதிகால், இடுப்பின் பின்னெலும்பு, தோள்பட்டை, பின்மண்டை நான்கையும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரலை எடுத்த பின்னும் சிவப்பு வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கவனம் பிசகினால் ஒரே நாளில்கூட வரும். அருணாவுக்கு அத்தனை ஆண்டுகளில் படுக்கைப்புண் வந்ததில்லை.

2009-ல் பத்திரிகையாளர் பிங்கி விரானி, அருணாவைக் கண்ணியமாக இறக்கவிடும்படி உச்ச நீதிமன்றம் போனார். மருத்துவமனைச் செவிலியர்கள் கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு, சில நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த நாட்டில் முதன்முதலாக வழிவிட்டது. ஆனால் அருணா விஷயத்தில் முடிவு சொல்ல உரியவர்கள் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனையினர்தான் என்று மனுவைத் தள்ளியது. அந்தப் படுக்கை வாழ்க்கை அருணாவுக்கு வாழ்க்கையாக இருந்ததா என்ற விரானியின் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதில் இரு பக்கமும் இரக்கம்தான் பேசியது. செவிலியர்களின் உழைப்பைப் பற்றி மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. 1973-ல் மாணவியாகச் சேர்ந்தவர் முழுச் சர்வீஸும் போட்டு ஓய்வு பெற்றுப் போன பிறகும் அருணா அங்கேயே இருந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தபோது அவரைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் பலர், அந்தச் சம்பவம் நடந்த ஆண்டில் பிறந்தே இருக்கவில்லை. தங்களோடு ஒரு நாளும் டியூட்டி பார்த்திராத ஒருவரை உடன் வேலை பார்ப்பவராகவே அவர்கள் நடத்தினார்கள். 'சகா' என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருள் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

அதே மும்பையில் காமா மருத்துவமனை. 2008 நவம்பர் 26 இரவு, வாசல் காவலர்களைச் சுட்டுவிட்டுத் தீவிரவாதிகள் உள்ளே நுழைந்தபோது, கர்ப்பிணிகள் வார்டில் இரவு டியூட்டியில் இருந்தவர் அஞ்சலி குல்தே. கதவுகளைப் பூட்டி, 20 கர்ப்பிணிகளைச் சின்னச் சமையலறைக்குள் ஒதுக்கினார். அவர்களில் ஒருவருக்கு வலி கண்டபோது, சுவரோரமாகவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறிப் பிரசவ வார்டில் சேர்த்தார். பின்னால் அந்தத் தீவிரவாதிகளில் ஒருவனான கசாபை அடையாளம் காட்டச் சாட்சிக் கூண்டு ஏறியபோது சீருடையில்தான் வருவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் தனி ஒருத்தியாகச் சாட்சி சொல்லப் போகவில்லை. வார்டின் சார்பில் போனார்.

இவ்வளவு பெரிய தோழமையை நிர்வாகங்கள் எப்படிப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆனால் இரவில் ஒரு வார்டின் முப்பது, நாற்பது கட்டில்களையும் ஒருவரே பார்ப்பது நம் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் தருவதில்லை. ஆள் போதவில்லை என்றால் வருகிற பதில் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்". பண்ணிக்கொள்கிறார்கள். பக்கத்து வார்டு சிஸ்டர் ஓடி வந்து கை கொடுக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தோழி டபுள் டியூட்டி பார்க்கிறார். காலி இடம் காலியாகவே கிடக்கிறது. வேலை நடந்துவிடுகிறதே, மேலே இருப்பவர்களுக்கு என்ன அவசரம்!

தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பியவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட, சில நாட்களில் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு ஊதியம் படிப்படியாக உயர்ந்தது. நிரந்தரப் பணி சிறு சிறு பகுதிகளாகத்தான் வந்தது. ஒரே வார்டில் ஒரே ட்ரேயைத் தூக்கும் இரண்டு பேருக்குச் சம்பளத்தில் இத்தனை வித்தியாசம் இருப்பது அநியாயம். அந்த வித்தியாசத்தைத் தாண்டியும் அவர்கள் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை, அரசுக்கு அல்ல.

இப்போது ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒருத்தி குவைத்தில், ஒருத்தி இங்கிலாந்தில், ஒருத்தி மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒருத்தி நர்சிங் கண்காணிப்பாளராகி ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டு. பண்டிகை வாழ்த்து, பேரக்குழந்தை படம், பழைய ஹாஸ்டல் புகைப்படம் என்று அது பாட்டுக்கு ஓடும். திடீரென்று ஒரு நாள், "அம்மாவுக்கு மூச்சுத்திணறல், மதுரையில அட்மிட் பண்ணியிருக்காங்க, நான் இங்க மாட்டிக்கிட்டேன்" என்று வெளிநாட்டிலிருந்து ஒரு செய்தி வரும். ஆறுதல் சொல்லி யாரும் எழுதுவதில்லை. மதுரையில் இருப்பவள் கேட்பது "எந்த வார்டு, எத்தனாம் பெட்டு?" அடுத்த கால் மணி நேரத்தில் ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், போட்ட மருந்து, இன்றைக்கு நைட் டியூட்டி யார் என்பது எல்லாம் குழுவுக்கு வந்துவிடும், கட்டில் பக்கத்தில் நின்று ஓவர் கொடுப்பது போலவே, ஒன்று விடாமல்.