காருக்குள் மெலிவு

தமிழிசை மரபில் தாழ்ந்த தானத்துக்கு மெலிவு என்று பெயர். நடுவில் நிற்பது சமன், உயர்ந்தது வலிவு. அரங்கேற்று காதை நடத்தும்போது இந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மேலே செல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “அப்ப சப்வூஃபர்ங்கறது மெலிவுப் பெட்டிங்களா, ஐயா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்டதில் தவறேதும் இல்லை. பெயர்தான் இன்றைய நடப்புக்கு முரணாக இருக்கிறது. நம் தெருக்களில் மெலிவு ஒருபோதும் மெலிந்து ஒலிப்பதில்லை.

ஞாயிறு இரவுகளில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் அடித்தொனி நெஞ்செலும்புக்கு வந்து சேர்ந்துவிடும். பாட்டு என்னவென்று தெரியாது. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்றும் தெரியாது. சுவரையும் கண்ணாடியையும் கடந்து வருவது அந்த ‘தும் தும்’ மட்டுமே. தாழ்ந்த ஒலிக்குச் சுவர் பெரிய தடையில்லை. இதில் சட்டத்தின் நிலை இன்னும் விநோதம். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அளக்கும் முறையோ மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுவது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 30 டெசிபலை அது தள்ளுபடி செய்துவிடுகிறது. வீட்டு ஜன்னல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதும் கருவியின் முள் அமைதியாகப் படுத்திருக்கக்கூடும்.

ஆகவே நான் சப்வூஃபருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் என் காரில் இப்போது ஒன்று இருக்கிறது, இடது முன்னிருக்கையின் அடியில். அது அப்பாவுக்காக வைத்தது.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் ஆலையின் தறிக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓடத்தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் இரைச்சல் 100 டெசிபலை ஒட்டியே இருக்கும். அங்கே யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. உதட்டசைவும் கைச்சாடையும்தான். ‘இழை அறுந்தது’, ‘மேஸ்திரி வருகிறார்’, ‘டீ குடிக்கப் போகலாமா’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவீச்சு. சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சாடைகள் தானாக வந்துவிடும். சோறு போதும் என்பதைக்கூட அவர் ஆலைப் பாஷையில்தான் சொல்வார். காதுக்குப் பாதுகாப்பு என்று அவர்களுக்கு இருந்தது கழிவுப் பஞ்சு. உருட்டி வைத்துக்கொள்வார்கள். அதனால் பெரிய பயன் கிடையாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. அப்பாவின் பணிக்காலம் முழுவதிலும் அவர் காதை யாரும் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் சோதித்தார். வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஓரளவு சமமாக வந்து, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றுப் படிபோல் இறங்கியிருந்தது. இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. வயது மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டு வரும். இரண்டும் சேர்ந்துகொண்டன. தமிழாசிரியனாகிய எனக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது. உயிரெழுத்துகளின் வலுவெல்லாம் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. மெய்களில் பலவற்றை, குறிப்பாக வல்லினத்தை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது மேல்பகுதி. அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. ‘கடை’, ‘படை’, ‘தடை’ எல்லாம் அவருக்கு ஏறத்தாழ ஒரே சொல். நாம் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது கேட்பதில்லை. குரலை உயர்த்தினால் “ஏன் சாமி கத்தறே?” என்பார். அதுவும் நியாயம்தான். இத்தகைய செவிகளில் கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடையே உள்ள வெளி மிகவும் குறுகிவிடுகிறது.

அமாவாசைதோறும் அவரைக் காங்கயம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். பல்லடம் வழியாகப் போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். காதுக்கருவியைக் காரில் கழற்றிப் பையில் வைத்துவிடுவார். லாரிகளின் ஹாரன் அவருக்குத் தாங்குவதில்லை. பேச்சுக்கு வழியில்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பாட்டுப் போடுவேன். அவருக்குப் பிடித்தது நாதஸ்வரக் கச்சேரி, அதிலும் தவில். ஆனால் காரோடு வந்த ஸ்பீக்கர்களில் தவிலைக் கேட்டுவிட்டு, “தகர டப்பாவத் தட்டறான்” என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் சொன்னது உவமையல்ல, துல்லியமான விவரணை என்பது யோசித்தபோது தெரிந்தது. தவிலின் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களால் வாசிக்கிறார்கள், தொப்பியைக் குச்சியால். பளீரென்று தெறிப்பது வலந்தலை. அடியில் நின்று தாங்குவது தொப்பி. வலந்தலையின் மேல்விளிம்பை அப்பாவிடமிருந்து ஆலை எடுத்துக்கொண்டது. தொப்பியின் அடிப்பகுதியைக் கார் எடுத்துக்கொண்டது. மேலும் கீழும் வெட்டுண்டு நடுவில் மிஞ்சியதுதான் தகர டப்பா. ஆலை எடுத்ததைத் திருப்பித் தர என்னால் ஆகாது. கார் எடுத்ததைத் தரலாம்.

கார் ஏன் எடுக்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரே அளவுள்ள ஸ்பீக்கர் ஒரு தானம் இறங்கி அதே உரப்புடன் ஒலிக்க வேண்டுமென்றால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின்னாக அசைய வேண்டும். கதவுக்குள் பொருத்திய ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அந்தப் பாய்ச்சல் கிடையாது. கொடுத்தால் உளறும். ஆகவே தயாரிப்பாளர்களே கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் அடக்கித்தான் தருகிறார்கள். ஸ்டீரியோவின் திறனும் சொற்பம். அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் காரின் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு நான்கு ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபில்லாமல் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. போதாததற்குச் சாலை. டயர் எழுப்பும் உறுமல் முழுக்கத் தாழ்ந்த ஒலி. ஷோரூமில் நிறுத்திவைத்துக் கேட்டபோது இருந்த அடித்தொனி சூலூர் தாண்டி வேகமெடுத்ததும் அந்த உறுமலுக்குள் மறைந்துவிடும்.

காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். முதலாளிக்கு முப்பது வயதிருக்கும். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது: “வண்டி அதிரணுமுங்களா சார், பாட்டுக் கேக்கணுமுங்களா?” பாட்டுக் கேட்க வேண்டும் என்றேன். அப்படியானால் டிக்கியை அடைக்கும் பன்னிரண்டு அங்குலப் பெட்டி வேண்டாம், இருக்கைக்கு அடியில் போகும் எட்டு அங்குலமே போதும், ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது என்றார். கூலியோடு சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

எட்டு அங்குலம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று அதிகம். காரின் உள்நீளமோ மூன்று மீட்டர்கூட இல்லை. அலை முழுதாக விரிய அங்கே இடமில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே (சிறிய காரில் ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸ்) அது உள்ளிருக்கும் காற்று முழுவதையும் ஒரே மூச்சாக அழுத்தித் தளர்த்துகிறது. கீழே போகப் போகக் காரே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கண்ணாடிகள் மூடியிருக்கும்வரை இந்தச் சலுகை உண்டு.

வேலை மூன்று மணி நேரம் நடந்தது. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ். ஸ்பீக்கருக்கு அருகில் ஃப்யூஸ் போடுவது சிலருடைய வழக்கம். அதனால் பயனில்லை. நடுவழியில் வயர் உரசிக் காரின் உடம்பில் பட்டால் தீப்பிடிப்பது அந்த வயர்தான். இருக்கைக்குக் கீழே ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் கொடுத்தார். ஸ்டீரியோவில் தனி வெளியீடு இல்லை என்பதால் பின்கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்தே சமிக்ஞையை எடுத்துக்கொண்டார். அதற்கான உள்ளீடு பெட்டியிலேயே இருக்கிறது. மின்சார வயர் ஒரு பக்கமும் சமிக்ஞை வயர் மறுபக்கமுமாகப் போயின. சேர்ந்து போனால் என்ஜினின் சீற்றம் பாட்டுக்குள் ஏறிவிடுமாம். கம்பெனி ஸ்டீரியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

முடிந்ததும் முதலாளி ஒரு புதுப் பாட்டைப் போட்டு, பெட்டியின் திருகை முக்காலுக்குத் திருப்பினார். கண்ணாடி நடுங்கியது. வாடிக்கையாளர்கள் எதிர்பார்ப்பது அதுதான் போலும். வீட்டுக்கு வந்து கால்வாசிக்குக் கொண்டுவந்தேன். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

எந்த அளவுக்குக் கீழே உள்ளவற்றைப் பெட்டி எடுத்துக்கொள்வது என்பதற்கு ஒரு திருகு. எவ்வளவு உரப்பு என்பதற்கு ஒன்று. பெட்டியின் கூம்பும் கதவு ஸ்பீக்கரின் கூம்பும் ஒரே திசையில் தள்ளுகின்றனவா, ஒன்று தள்ள மற்றது இழுக்கிறதா என்பதற்கு ஒரு விசை. எதிரெதிராக இருந்தால் இரண்டும் உழைத்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கூட்டுக்குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு நிலையிலும் வைத்துக் கேட்டு, அடித்தொனி தடித்துத் தெரிந்த பக்கம் விசையை விட்டேன். அளவுகோலாக எடுத்துக்கொண்டது ‘ரெட்டைவால் குருவி’ (1987) படத்தில் ஜேசுதாஸ் பாடும் ராஜராஜ சோழன் பாடல். அதில் பேஸ் கிட்டார் துணைக்கு வருவதில்லை. பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு பாடகராக நடந்து வருகிறது. நான்கு நரம்பு பேஸ் கிட்டாரின் அடிநரம்பு 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரிலும் அந்தச் சுரத்தை நாம் கேட்டதாகவே நினைக்கிறோம், ஏனென்றால் மேலே உள்ள அதன் இசைமடங்குகளைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுகளாக நான் ஊகித்துக்கொண்டிருந்தது அன்று கேட்டது.

ஆனால் அளவை முடிவு செய்தது என் காதல்ல. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருகை ஏற்றிக்கொண்டே போனேன். பாதியைத் தொட்டதும் கையைக் குறுக்கே வீசினார். ‘நிறுத்து’ என்பதற்கான ஆலைச் சாடை. “பாடறவன் காணாமப் போயிட்டான்” என்றார். அடித்தொனி அளவுக்கு மிஞ்சினால் தனக்கு மேலிருக்கும் குரலையும் மூடிவிடும். மேல்பகுதி ஏற்கெனவே நலிந்த செவியில் இந்த மூடல் இன்னும் கொடியது. இரண்டாவது திருகை 80-லிருந்து 70-க்கு இறக்கி, உரப்பைக் கால்வாசிக்கும் கீழே கொண்டுவந்தேன். நான் தனியாகக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பேன்.

பிறகு தவிலைப் போட்டேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கை வழியாகவும் அது அவருக்கு வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். தாழ்ந்த ஒலியை உடம்பும் கேட்கிறது. இடது கை தொடைமீது மெல்லத் தட்ட ஆரம்பித்தது. “தொப்பி கேக்குது” என்றார். ஒட்டுமொத்த ஒலியளவை முன்பைவிட இரண்டு புள்ளி குறைத்து வைத்திருந்தேன் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

பாட்டின் சொற்கள் அவருக்கு இப்போதும் புரிவதில்லை. இந்தப் பெட்டியால் அது ஆகாது. காதுக்கருவியை மாற்றி வாங்கத் தனியாக அலைந்துகொண்டிருக்கிறோம்.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் எங்கள் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்கிறது கொங்கு மண்டல சதகம். அரங்கேற்று காதை உரையில் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று தோற்கருவிகளை அடுக்கிவிட்டு, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்றெல்லாம் வகுத்துச் செல்கிறார். அவர் அந்தப் பெயர்களை வைத்த கணக்கு வேறு. இருந்தாலும் ரேஸ் கோர்ஸில் கார்கள் கடக்கும்போது ‘புறப்புறமுழவு’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

வீட்டு டிவிக்கும் இதேபோல் ஒன்று வாங்கிப் போடச் சொன்னார் அப்பா. அறை பெரிது, காரின் சலுகை அங்கே கிடைக்காது, இதே பெட்டி அங்கே சோனியாகக் கேட்கும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். மறுநாளிலிருந்து மாலை ஆறு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு, போர்ட்டிகோவில் நிற்கும் காரில் இடது முன்னிருக்கையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். பேட்டரி இறங்கிவிடும் என்று அரை மணி நேரம் கெடு வைத்திருக்கிறேன். புழுக்கமாக இருக்குமே என்று நேற்று அவர் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். “ஏத்து, ஏத்து, தொப்பி போயிருச்சு” என்றார்.